பருவம் கடந்த பிறகே முடிகிற ஃபெல்ட் வேலை: நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

சிறுகூடு எழுதியது:

வணக்கம். இரண்டு ஆண்டுகளாகக் கம்பளியில் ஃபெல்ட் செய்துவருகிறேன், அதாவது இழைகளை நெய்யாமல் ஒன்றோடொன்று இறுகப் பின்னவைக்கிற வேலை. முதலில் கம்பளியை ஊசியால் குத்திக் குத்தி இறுக்குகிற ஊசி முறை மட்டும் தெரியும். சென்ற ஆண்டிலிருந்து சோப்பும் வெந்நீரும் கொண்டு செய்கிற ஈர முறையையும் பழகுகிறேன். வீட்டு வேலை முடிந்து, குழந்தைகள் உறங்கிய பிறகு இரவில் ஒரு மணி நேரம் கிடைக்கும். அந்த ஒரு மணி நேரத்தை நினைத்துக்கொண்டுதான் பகலை ஓட்டுகிறேன்.

பருவத்தை ஒட்டிய பொருள்களைச் செய்யவே எனக்கு விருப்பம். இலை உதிரும்போது இலைத் தோரணம், தளிர் விடும்போது பறவைக் கூடும் முட்டைகளும், குளிரில் சின்னப் பறவைகள். ஆனால் ஒரு முறைகூட உரிய காலத்தில் முடித்ததில்லை. இந்த ஆண்டு, முதல் பழுத்த இலை வாசலில் விழுந்த அன்றே தோரணத்தைத் தொடங்கினேன். 24 இலைகள் என்று திட்டம். 17ஆவது இலையைக் குத்திக்கொண்டிருந்த நாளில் சன்னல் வழியாகப் பார்த்தேன். மரம் மொட்டையாக நின்றது. மீதி ஏழு இலைகளுக்கான கம்பளி பைக்குள்ளேயே கிடக்கிறது. எடுக்க மனம் வரவில்லை.

செய்த 17 இலைகளையும் ஒரு தட்டில் பரப்பிப் பார்த்தபோது இன்னொரு வருத்தம். சில காகிதம்போல் மெலிந்திருக்கின்றன, சில விரல் தடிமன். சிவப்பு இலை வெறும் சிவப்பாக இருக்கிறது. மரத்தடியில் பொறுக்கிய இலைக்குப் பக்கத்தில் வைத்தால் பிளாஸ்டிக் பூவைப்போல் தெரிகிறது. மேற்பரப்பு முழுவதும் மயிர் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரே மாதத்தில் ஐந்து ஊசிகள் முறிந்தன.

முட்டைகளை வைக்கக் கூடு ஒன்றை ஈர முறையில் செய்தேன். 20 செ.மீ. விட்டம் வேண்டும், கம்பளி சுருங்கும் என்பது தெரியும் என்பதால் 22 செ.மீ. அளவுக்குப் பிளாஸ்டிக் அச்சு வெட்டினேன். கையில் வந்தது 14 செ.மீ. மூன்று முட்டைகள்கூட அடங்கவில்லை.

ஆண்டு முழுவதும் பருவத்தோடு சேர்ந்து செய்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அன்றாட வாழ்க்கைக்கு நடுவில் எப்படி ஒழுங்குபடுத்துகிறீர்கள்? நான் மெதுவாகச் செய்கிறேனா, அல்லது திட்டமே தவறா?

ஊசிமுனை எழுதியது:

ஊசி பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றதைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள்.

ஃபெல்ட் ஊசியின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் முக்கோணமாக இருக்கும். அந்த விளிம்புகளில் சின்னச் சின்ன வெட்டுகள் உண்டு. ஊசி உள்ளே போகும்போது அவை மேலிருக்கும் இழைகளைப் பற்றி இழுத்துச் சென்று, வெளியே வரும்போது அங்கேயே விட்டுவிடும். நீங்கள் செய்யவேண்டியது, போன கோணத்திலேயே ஊசியை வெளியே எடுப்பது. சாய்வாகக் குத்தினால் சாய்வாகவே எடுக்க வேண்டும். குத்திய பிறகு கையை நிமிர்த்தினால் ஊசி முறியும். அது வளைந்து கொடுக்கிற எஃகு இல்லை. ஐந்து முறிந்ததற்குக் காரணம் அநேகமாக இதுதான். தூக்கக் கலக்கத்தில் எல்லோருக்கும் கை நிமிரும்.

ஊசிக்கு எண் உண்டு. எண் கூடக்கூட ஊசி மெலியும். உருவம் திரட்ட 36, பொதுவான வேலைக்கு 38, மேற்பரப்பை முடிக்க 40. நீங்கள் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஊசியால் குத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். கடைசிப் பத்து நிமிடத்துக்கு 40ஆம் எண்ணுக்கு மாறி, ஆழமாகப் போகாமல், ஏறத்தாழப் படுக்கைவசமாக மேலோட்டமாகக் குத்துங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் மயிர் படிந்துவிடும். இலையை அடிக்கடி திருப்பிப் போடுங்கள். இல்லையென்றால் பாதி இலை அடியில் வைத்துக் குத்துகிற பஞ்சு மெத்தைக்குள் போய்விடும்.

இன்னொன்று, இதை வற்புறுத்திச் சொல்கிறேன். முறிந்த ஐந்து ஊசிகளின் முனைகளும் கைக்குக் கிடைத்தனவா? கிடைக்கவில்லை என்றால், செய்த இலைகள், முட்டைகள் எல்லாவற்றின் மேலும் வலுவான காந்தத்தை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். முனை அகப்படாத பொருளைக் குழந்தைகள் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கம்பளிக்காரி எழுதியது:

சிறுகூடு, உங்கள் வேகத்தில் குறை இல்லை. நாளுக்கு ஒரு மணி நேரம் என்பது இந்த வேலைக்கு நல்ல அளவு. அதற்கு மேல் போனால் தோள்பட்டை எடுத்துச் சொல்லிவிடும். பார்க்கிற வேலையையும் செய்கிற வேலையையும் நீங்கள் ஒரே பருவத்துக்குள் அடைக்கப் பார்க்கிறீர்கள். அதில்தான் நெருக்கடி.

19 ஆண்டுகளாக இதையே செய்துவருகிறேன். முதல் நான்கு ஆண்டுகள் நானும் உங்களைப்போலத்தான் ஓடினேன். ஒரு முறை குளிர்காலச் சந்தைக்கென்று முப்பது பறவைகள் செய்தேன். 30ஆவது பறவைக்குக் கண் வைத்து முடித்தபோது சந்தை முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அன்று அந்தப் பறவைகளை மேசையில் வரிசையாக வைத்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். பறவைகள் நன்றாக வந்திருந்தன. கடைசி இரண்டு வாரம் அவசரத்தில் செய்த பத்தில் மட்டும் கழுத்துத் தளர்ந்திருந்தது. பிழை கையில் இல்லை, நாள்காட்டியில் இருக்கிறது என்று அன்றுதான் புரிந்தது.

விதைக்கிற பட்டம் வேறு, அறுக்கிற பட்டம் வேறு. ஃபெல்டிலும் அப்படித்தான். மங்கோலியாவில் கூடாரத்தைப் போர்த்தும் ஃபெல்டைக் கோடையின் முடிவில், குளிர் தொடங்குவதற்கு முன் செய்கிறார்கள். கம்பளியை அடித்துப் பரப்பி, நனைத்து, ஒரு தண்டில் இறுகச் சுற்றி, குதிரையிலோ ஒட்டகத்திலோ கட்டிப் புல்வெளியில் இழுத்துக்கொண்டே போவார்கள். உருண்டு உருண்டு இறுகும். குளிருக்கான பொருளை வெயில் இருக்கும்போது செய்வதுதான் அங்கே வழக்கம். பனி விழுகிற நாளில் அவ்வளவு பெரிய ஈரக் கம்பளியை எங்கே காயவைப்பது?

நான் என் ஆண்டை அப்படி மாற்றிக்கொண்டேன். வெயில் நாள்களில் ஈர முறை வேலை எல்லாம்: கூடு, கிண்ணம், பை, தட்டையான தாள்கள். காலையில் செய்தால் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ காய்ந்துவிடும். மழையிலும் குளிரிலும் ஊசி வேலை. ஈரமே வேண்டாம், ஒரு விளக்கும் மேசையும் போதும். எந்தப் பருவத்துக்கான பொருள் என்பதை நான் பார்ப்பதே இல்லை. உடம்புக்கும் தண்ணீருக்கும் எது ஒத்துவருகிறதோ அதைச் செய்கிறேன். கடும் வெயிலில் என் மேசையில் குளிர்காலப் பறவை இருக்கும்.

அப்படியானால் பருவத்தோடு உள்ள உறவு என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும், அது இல்லையென்றால் இந்த வேலை எதற்கு?

பருவத்தில் நான் பார்க்கிறேன். பார்ப்பதை ஒரு வேலையாகவே செய்கிறேன். என் அலமாரியில் ஆறு பெட்டிகள் இருக்கின்றன. இலை, மழை, பனி, தளிர், பூ, வெயில் என்று எழுதியிருக்கும். இலை உதிரும் நாள்களில் நான் ஒரு இலைகூடச் செய்வதில்லை. பொறுக்கி வருகிறேன், காகிதத்தில் வைத்து ஓரம் வரைகிறேன், மிக முக்கியமாக, இலை காய்ந்து நிறம் மாறுவதற்குள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து கம்பளியில் நிறம் கலக்கிறேன். அது பத்து நிமிட வேலை. கலந்த கம்பளியில் விரல் நுனியளவு எடுத்து அட்டையில் ஒட்டி, எந்த நிறம் எத்தனை பங்கு என்று கீழே எழுதிவிடுகிறேன். ஒரு பருவத்தில் அப்படி 12 அட்டை சேர்ந்தால் அந்தப் பெட்டி நிறைந்தது. செய்வது ஆறு மாதம் கழித்து.

உங்கள் சிவப்பு இலை ஏன் வெறும் சிவப்பாகத் தெரிகிறது என்பதற்கும் இதுதான் விடை. இப்போது என் முன் ஒரு பழுத்த இலை இருக்கிறது. தூரத்தில் சிவப்பு. கையில் எடுத்தால் நடு நரம்பு இன்னும் வெளிர்மஞ்சள். அதை ஒட்டி இரண்டு பக்கமும் ஒரு நூல் அகலத்துக்குப் பச்சை மிச்சமிருக்கிறது. சிவப்பு ஓரத்தை நோக்கிப் போகப்போகப் பழுப்பாகி, நுனியில் கறுத்திருக்கிறது. பூச்சி துளைத்த ஓட்டையைச் சுற்றி ஒரு மஞ்சள் வளையம். பின்பக்கம் திருப்பினால் சிவப்பே இல்லை, மங்கிய செம்மண் நிறம். இதற்கு நான் கலந்தது: பழுப்புச் சிவப்பு நான்கு பங்கு, ஆரஞ்சு ஒரு பங்கு, கரும்பச்சை ஒரு சிட்டிகை. கம்பி வைத்த இரண்டு சிறு தூரிகைகளுக்கு நடுவே வைத்து மூன்று முறை மட்டும் இழுத்தேன். பத்து முறை இழுத்தால் நிறங்கள் ஒன்றாகி மந்தமாகிவிடும். கம்பளி வண்ணக் குழம்பைப்போல் கரைந்து கலப்பதில்லை. ஒவ்வொரு இழையும் தன் நிறத்தோடு நிற்கிறது, கண்தான் கலக்கிறது. அந்தக் கரும்பச்சைச் சிட்டிகை இல்லாவிட்டால் சிவப்புக்கு உயிர் வராது.

தடிமன் ஒரே மாதிரி வர வேண்டுமென்றால் கையை நம்பாமல் தராசை நம்புங்கள். 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு வாங்குங்கள். ஒரு இலைக்கு 2 கிராம் என்றால், வேலை தொடங்கும் முன்பே 24 குவியல்களாக எடை போட்டு வைத்துவிடுங்கள். எடை போடுவது ஓர் இரவு வேலை. அதற்குப் பின் ஒவ்வோர் இரவும் உட்கார்ந்தவுடன் ஒரு குவியலை எடுத்தால் போதும், யோசிக்க வேண்டியதில்லை. களைத்த இரவுகளில் இது எவ்வளவு பெரிய உதவி என்பது செய்தால்தான் தெரியும்.

இனிக் கூடு. கம்பளி இழையின் மேல் மீன் செதிள்போல் அடுக்குகள் உண்டு. எல்லாம் நுனியை நோக்கிச் சரிந்திருக்கும். சூடும் ஈரமும் சோப்பின் காரமும் சேர்ந்து இழையை உப்பவும் வழுக்கவும் வைக்கின்றன. நாம் தேய்க்கும்போது இழை ஒரு பக்கமாகவே நகர முடியும். செதிள் எதிர்ப்பதால் திரும்பி வர முடியாது. நகர்ந்த இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, முழுத் துணியும் உள்வாங்குகிறது. மூன்றில் ஒரு பங்கு சுருங்குவது மிகச் சாதாரணம்; நாற்பது சதவீதம்கூடப் போகும். உங்கள் 22, 14 ஆனது சுமார் 36 சதவீதம். உங்கள் கை நன்றாகவே வேலை செய்திருக்கிறது. அச்சுதான் சிறியது.

ஒவ்வொரு கம்பளிக்கும், ஒவ்வொரு கைக்கும் சுருக்கம் வேறு. அதனால் முதலில் ஒரு மாதிரித் துண்டு செய்யுங்கள். 20 செ.மீ. சதுரம், 10 கிராம் கம்பளி, ஒரு அடுக்கு நீளவாக்கில், அடுத்த அடுக்கு குறுக்குவாக்கில். பதம் வரும் வரை தேய்த்து, உருட்டி, அலசி, அளந்து பாருங்கள். 13 செ.மீ. வந்தால், 20ஐ 13ஆல் வகுக்க 1.54 கிடைக்கும். உங்களுக்கு 20 செ.மீ. கூடு வேண்டுமென்றால் 20 பெருக்கல் 1.54, ஏறக்குறைய 31 செ.மீ. அச்சு. கூட்டுக்கும் அதே பரப்புக்கு அதே எடை இருக்க வேண்டும். மெலிதாகப் பரப்பினால் இன்னும் கூடுதலாகச் சுருங்கும்.

பதம் என்று சொன்னேன். அதைக் கிள்ளித்தான் பார்க்க வேண்டும். மேற்பரப்பில் இரண்டு விரலால் கிள்ளித் தூக்குங்கள். இழை தனியாக எழுந்து வந்தால் இன்னும் தேய்க்க வேண்டும்; அப்படி எழுவது நிற்கிற வரை மென்மையாக, கையின் கனம்கூட இல்லாமல். முழுத் துணியும் தோல்போல் சேர்ந்து எழும்பினால் உருட்டத் தொடங்கலாம். உருட்டும்போது உள்ளங்கைக்கு ஒரு மாற்றம் தெரியும். வழுவழுப்பு போய், மணல் தூவியதுபோல் சின்னச் சின்னப் புடைப்புகள் வரும். அந்தப் புடைப்பு வந்தால் துணி சுருங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். எனக்கு இன்றைக்கும் மிகப் பிடித்த கணம் அதுதான்.

ஈரக்கை எழுதியது:

கம்பளிக்காரி அக்கா சொன்னதில் அளவு, எடை, நிறம் எல்லாவற்றையும் தலைவணங்கி ஏற்றுக்கொள்கிறேன். ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பருவத்தில் பார்த்துவிட்டு ஆறு மாதம் கழித்துச் செய்வது விற்பவர்களுக்குச் சரி. சிறுகூடு விற்பதற்காகச் செய்வதாகச் சொல்லவில்லையே. இலை உதிரும் மாலையில் கையில் இலை நிறக் கம்பளி இருக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை என்று நான் புரிந்துகொள்கிறேன். அதை எடுத்துவிட்டால் அந்த ஒரு மணி நேரத்துக்கு என்ன சுவை இருக்கும்?

நான் செய்வது இது. பெரிய திட்டமே வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு நாளும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு வட்டம் மட்டும். அன்று பார்த்த நிறம் எதுவோ அது. மழை நாள் என்றால் சாம்பலில் ஒரு கீற்று நீலம். அன்றே முடிந்துவிடும். ஆண்டு முடிவில் 200க்கு மேல் சேர்ந்துவிடுகிறது. அவற்றை நாள் வரிசைப்படி நூலில் கோத்துச் சுவரில் தொங்கவிடுகிறேன். எந்த வாரம் வெயில் அடித்தது, எந்த வாரம் நான் நோயில் படுத்திருந்தேன் என்பதெல்லாம் அதில் தெரிகிறது. படுத்திருந்த நாள்களுக்கு முடிச்சு மட்டும் இருக்கும்.

நிறத்துக்கு ஒரு யோசனை. உதிர்ந்த இலையின் நிறம் வேண்டுமென்றால் வெங்காயத் தோலில் சாயமேற்றிப் பாருங்கள். வெள்ளைக் கம்பளியை முதலில் படிகாரத்தில் ஊறவைத்துச் சூடாக்க வேண்டும். காய்ந்த கம்பளியின் எடையில் பத்தில் ஒரு பங்கு படிகாரம் போதும். பிறகு தோல் வேகவைத்து வடித்த நீரில் போட்டால் பொன்னிறத்திலிருந்து செம்பழுப்பு வரை வரும். கொதிக்கவிடக் கூடாது, கிளறக் கூடாது. சூடான கம்பளியை உடனே குளிர்ந்த நீரில் போடவும் கூடாது. பாத்திரத்தோடு ஆறவிட்டு எடுங்கள். இல்லையென்றால் சாயப் பாத்திரத்திலேயே ஃபெல்ட் ஆகிவிடும். எனக்கு அப்படி முதல் முறை அரைக் கிலோ போனது. மஞ்சள் கிழங்கை மட்டும் நம்பாதீர்கள். முதல் நாள் கண்ணைப் பறிக்கும். வெயில் படும் இடத்தில் தொங்கவிட்டால் சீக்கிரமே வெளிறிவிடும்.

கம்பளிக்காரி எழுதியது:

ஈரக்கை, நீங்கள் சொல்வது உண்மை. நான் என் வழக்கத்தை வைத்து அவருடைய ஆசையைக் கணக்கிட்டுவிட்டேன். நாளுக்கு ஒரு வட்டம் என்பது மிக நல்ல வழி. என் அட்டைகளும் ஒருவகையில் அதுதான், ஆனால் நான் அவற்றைப் பெட்டியில் பூட்டிவைக்கிறேன். நீங்கள் சுவரில் தொங்கவிடுகிறீர்கள். அந்த முடிச்சுகளை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

சிறுகூடு எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. காந்தம் வைத்துப் பார்த்தேன். ஒன்பதாவது இலைக்குள் ஒரு முனை, ஒரு முட்டைக்குள் இன்னொன்று. அந்த முட்டை என் இளைய மகளின் தலையணைக்குப் பக்கத்தில் இரண்டு மாதமாக இருந்தது. ஊசிமுனை, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

இப்போதைக்கு இப்படி முடிவு செய்திருக்கிறேன். இரவில் முதல் பத்து நிமிடம் அன்றைய நிறம். மீதி ஐம்பது நிமிடம் எந்தப் பருவத்து வேலையானாலும் சரி.

ஒரு கேள்வி மட்டும். பெட்டியில் ஆறு மாதம் வைப்பதென்றால் பூச்சி? சென்ற மழையில் ஒரு பறவையின் முதுகில் சிறு பள்ளங்களும், அடியில் கொஞ்சம் பூசணமும் வந்துவிட்டன.

கம்பளிக்காரி எழுதியது:

அந்தப் பள்ளங்கள் கம்பளி அந்துப்பூச்சியின் புழு தின்றவை. பறக்கிற பூச்சி தின்பதில்லை, புழுதான் தின்னும். இருட்டும் அசையாமல் கிடக்கிற இடமும் அதற்குப் பிடிக்கும். அதனால் மாதம் ஒரு முறை எல்லாப் பெட்டிகளையும் திறந்து, ஒவ்வொரு பொருளையும் எடுத்து உதறி, வெளிச்சத்தில் சிறிது நேரம் வையுங்கள். சந்தேகப்படுகிற பொருளைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். அறையின் சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள். இல்லையென்றால் வெளிக்காற்றின் ஈரம் முழுவதும் கம்பளியில் வந்து படியும்.

குளிர் கம்பளிக்கு எவ்வளவு நல்லது என்பதற்கு ஒரு சான்று உண்டு. நீங்கள் பறவை செய்கிறவர் என்பதால் சொல்கிறேன். சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியில் பசிரிக் என்ற இடத்தில் பழைய புதைமேடுகள் இருக்கின்றன. உள்ளே நீர் புகுந்து உறைந்து, உறைந்தபடியே இருந்துவிட்டது. 1940களின் இறுதியில் ருதென்கோ என்ற சோவியத் அகழ்வாய்வாளர் அவற்றைத் தோண்டியபோது, ஃபெல்டில் செய்த அன்னங்கள் கிடைத்தன. 2,200 ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. கழுத்து வளைந்து, அலகு கறுத்து, உடல் வெள்ளையாக, இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அந்தக் கழுத்தைப் பார்த்த பிறகுதான் என் பத்துப் பறவைகளின் தளர்ந்த கழுத்தைப் பிரித்து மறுபடி செய்தேன்.

பூசணத்துக்குக் காரணம் முழுதாகக் காயாமல் மூடிவைத்தது. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வைத்துக்கொண்டும் கைக்கு ஈரமாகத் தெரியாது. தொட்டுப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. இங்கேயும் தராசுதான். ஈர முறையில் செய்ததை ஒவ்வொரு காலையும் எடை போடுங்கள். அடுத்தடுத்து இரண்டு நாள் எடை குறையாமல் நின்றால் காய்ந்துவிட்டது. கடைசி அலசலில் ஒரு கரண்டி வினிகர் விடுங்கள். சோப்பின் காரம் தங்கினால் நாளடைவில் கம்பளி கெட்டுவிடும்.

சிறுகூடு எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

மாதிரித் துண்டு 20இலிருந்து 13.5க்கு வந்தது. வகுத்துப் பெருக்கி 30 செ.மீ. அச்சு வெட்டினேன். எனக்கு அது பயமுறுத்தும் அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. பாதியில் குறைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். குறைக்கவில்லை. இரண்டு இரவு தேய்த்தேன். இரண்டாம் இரவு உருட்டும்போது அந்த மணல் புடைப்பு உள்ளங்கைக்குத் தெரிந்தது. உறங்கிக்கொண்டிருந்த கணவரை எழுப்பி அவர் கையையும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். கூடு 20.5 செ.மீ. முதல் காலை 141 கிராம், அடுத்த நாள் 88, அதற்கடுத்து 71, பிறகு இரண்டு நாளும் 70.

நிற வட்டங்கள் 19 சேர்ந்திருக்கின்றன. இரண்டு இடத்தில் முடிச்சு.

நேற்று மீதி ஏழு இலைகளுக்கான கம்பளியைப் பையிலிருந்து எடுத்தேன். வெளியே மரத்தில் இப்போது இலையே இல்லை. ஆனால் புத்தகத்துக்குள் வைத்திருந்த ஓர் இலை அகப்பட்டது. சிவப்பு போய்விட்டது, நரம்பு மட்டும் வெளுத்து நிற்கிறது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து, பழுப்பில் கொஞ்சம் சாம்பலும் ஒரு சிட்டிகை கரும்பச்சையும் கலந்து, மூன்றே முறை இழுத்து, 18ஆவது இலையைத் தொடங்கியிருக்கிறேன். முதல் 17க்குப் பக்கத்தில் அது நிறம் மாறித்தான் இருக்கும். தோரணத்தின் கடைசி ஏழும் இப்படி வெளுத்துக்கொண்டே போகட்டும் என்று நினைக்கிறேன்.